இருபத்து நான்கு வயதில் முதுகுவலி: படத்துக்கு முன்னால் வலியின் நேரத்தைக் கேளுங்கள்

அவிநாசிக்கு அருகிலுள்ள கிராமத்திலிருந்து ஒரு தாய் தம் மகனைப் பற்றி எழுதிக் கேட்டிருக்கிறார். மகனுக்கு வயது 24. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பவர் டேபிள் தைக்கிறார். பத்து மாதங்களாக இடுப்பும் அடிமுதுகும் வலிக்கின்றன. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு வலியில் விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்த பின்பும் ஒரு மணி நேரம் குனிந்து செருப்பு மாட்ட முடிவதில்லை. வேலைக்குப் போய் நடமாடினால் மதியத்துக்குள் தேவலையாகிறது. மெடிக்கலில் வாங்கும் மாத்திரைக்கு வலி கேட்கிறது, நிறுத்தினால் திரும்புகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் முதுகெலும்பின் அடியிலுள்ள எல்5-எஸ்1 இடத்தில் ஜவ்வு பிதுங்கியிருப்பதாக எழுதியிருக்கிறார்களாம். ஒரு மருத்துவர் ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார். உறவினர் ஒருவர் மூன்று மாதம் படுக்கவைக்கச் சொல்கிறார். "பொண்ணு பாத்துட்டிருக்கற நேரத்துல இப்படி ஆயிப்போச்சுங்க, எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுங்க?" என்பது அவருடைய கேள்வி. கடிதத்தின் கடைசி வரியில், சென்ற ஆண்டு மகனுக்கு இரண்டு முறை மெட்ராஸ் ஐ வந்து வலது கண் மட்டும் சிவந்ததையும், குதிகால் வலிக்காக எம்.சி.ஆர். செருப்பு வாங்கிக் கொடுத்ததையும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார்.

அம்மா, அந்தக் கடைசி வரிதான் என்னை நிறுத்தியது. நான் அறுவை செய்பவனோ மருந்து எழுதுபவனோ அல்லன். பதினெட்டு ஆண்டுகளாக இயன்முறை மருத்துவராகத் தறிக்காரர்களையும் தையல்காரர்களையும் லாரி, ரிக் வண்டி ஓட்டுநர்களையும் பார்த்து வருகிறேன். நேரில் பார்க்காமல் உங்கள் மகனுக்கு இன்ன நோய் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், ஆபரேஷனா இல்லையா என்று முடிவு செய்வதற்கு முன்னால் கேட்கப்பட வேண்டிய ஒரு கேள்வி இன்னும் கேட்கப்படவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

முதுகுவலியோடு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது எங்கே வலிக்கிறது என்பதை அல்ல, எப்போது வலிக்கிறது என்பதைத்தான். பெரும்பாலான முதுகுவலிகள் உழைப்பால் கூடி, ஓய்வால் குறைகின்றன. சாய்மானம் இல்லாத ஸ்டூலில் ஒன்றரை ஷிப்ட் உட்கார்ந்து தைத்தவருக்கு இரவு எட்டரை மணிக்கு இடுப்பு கழன்றுவிடும்போல் இருக்கும். தூங்கி எழுந்தால் பாதி போயிருக்கும். தறியில் பாவு நூல் சுற்றிய பீமைத் தூக்கும்போது பிடித்துக்கொண்ட இடுப்பும் அப்படித்தான். இது தசை, தசைநார், ஜவ்வு ஆகியவற்றின் மேல் விழும் பாரத்தால் வருகிற வலி. இன்னொரு வகை இதற்கு நேர் எதிரானது. அது ஓய்வில் கூடும், நடமாட்டத்தில் குறையும். இரவின் பின்பாதியில் எழுப்பிவிடும், காலையில் அரை மணி நேரத்துக்கும் மேலாக முதுகை மரக்கட்டைபோல் இறுக்கிவைத்திருக்கும். சிலருக்கு ஒரு வாரம் இடது புட்டத்திலும் மறு வாரம் வலது புட்டத்திலுமாக மாறி மாறி வலிக்கும். "படுத்தாத் தாங்க முடியலீங்க, எந்திரிச்சு நாலு நடை நடந்தாத்தான் தேவலைங்க" என்று ஓர் இளைஞர் சொன்னால், அது பாரத்தால் வந்த வலியாக இருப்பதைவிட அழற்சியால் வந்த வலியாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அத்தகைய வலி நாற்பத்தைந்து வயதுக்கு முன்பே, இன்ன நாள் என்று சொல்ல முடியாதபடி மெல்லத் தொடங்கி மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்திருந்தால், அழற்சி முதுகுவாதம் இருக்கிறதா என்று தேடுவது மருத்துவ நடைமுறை.

அந்த நோய்க்கு ஆக்சியல் ஸ்பாண்டிலோ ஆர்த்ரைட்டிஸ் என்று பெயர். எக்ஸ்ரேயிலேயே தெரியும் அளவுக்கு முற்றிய நிலையை அன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்பார்கள். கழுத்துத் தேய்மானத்துக்கு ஊரெல்லாம் சொல்லும் ஸ்பாண்டிலோசிஸ் வேறு. இந்தப் பெயர்க்குழப்பத்தாலேயே பல குடும்பங்கள், "அது வயசானா வர்றதுதானே" என்று அலட்சியமாக இருந்துவிடுகின்றன. இதில் உடலின் எதிர்ப்பாற்றலே தடம் மாறி, முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் எஸ்.ஐ. மூட்டையும் முதுகெலும்பையும் தாக்குகிறது. கவனிக்காமல் விட்டால் சிலருக்கு ஆண்டுகள் போகப் போக முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, முதுகு கூன்விழுந்து அப்படியே நின்றுவிடும். தசைநார் எலும்பில் பற்றும் இடங்களையும் இது தாக்கும் என்பதால் குதிகால் வலி உண்டு. கண்ணுக்குள் அழற்சி வந்து ஒரு கண் மட்டும் சிவப்பதும் உண்டு. தோலில் செதில் உதிரும் சொரியாசிஸ், நாள்பட்ட குடல் அழற்சி ஆகியவையும் இதே கூட்டத்தைச் சேர்ந்தவை. முதுகுக்கு ஒரு மருத்துவர், கண்ணுக்கு ஒரு மருத்துவர், குதிகாலுக்குச் செருப்புக்கடை என்று பிரிந்து போனதால் மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லாமல் போய்விட்டது. இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. உலகெங்கும் இந்த நோய் கண்டறியப்படுவதற்குள் பல ஆண்டுகள் கடந்துவிடுகின்றன.

அப்படியானால் எம்.ஆர்.ஐ.யில் தெரிந்த ஜவ்வுப் பிதுக்கம் பொய்யா என்று கேட்பீர்கள். பொய்யல்ல, ஆனால் வலிக்குக் காரணம் அதுதான் என்பதற்கு அந்தப் படம் மட்டும் சான்றாகாது. முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் திரட்டில், இருபது வயதினரிலேயே 37 சதவீதத்தினருக்கு ஜவ்வுத் தேய்மானமும் 30 சதவீதத்தினருக்கு ஜவ்வுப் பிதுக்கமும் காணப்பட்டன. வலியே இல்லாத பத்துப் பேரில் மூவருக்கு இருப்பதை வைத்து ஒருவரின் முதுகைத் திறக்க முடிவு செய்வது எவ்வளவு சரி? பிதுங்கிய ஜவ்வு நரம்பை அழுத்தினால் அதற்கென்று தனி அடையாளம் இருக்கும்: வலி முதுகைவிடக் காலில் அதிகமாக, தொடையின் பின்புறம் வழியாக முழங்காலையும் தாண்டிப் பாதம்வரை மின்சாரம்போல் இறங்கும், மல்லாந்து படுத்து முட்டியை மடக்காமல் காலைத் தூக்கினால் சுண்டி இழுக்கும், இருமினாலும் தும்மினாலும் கூடும். உங்கள் கடிதத்தில் கால் வலி என்ற பேச்சே இல்லை. அப்படி உண்மையிலேயே நரம்பு அழுந்தியவர்களிலும் பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் மாத்திரையும் பயிற்சியும் கொண்டே வலி தணிந்துவிடுகிறது. பாதம் தொங்கிப்போதல், பலவீனம் கூடிக்கொண்டே போதல், வாரக்கணக்கில் சிகிச்சை செய்தும் தாங்க முடியாத கால்வலி ஆகியவையே ஆபரேஷனைப் பற்றிப் பேசவைக்கும் காரணங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வழக்கமாக எடுக்கும் இடுப்பு முதுகெலும்பு எம்.ஆர்.ஐ.யில் எஸ்.ஐ. மூட்டுகள் முழுமையாகப் பதிவாவதில்லை. அவற்றுக்கென்று தனியாக, அழற்சியால் எலும்புக்குள் சுரந்த நீரைக் காட்டும் ஸ்டிர் என்ற முறையில் படம் எடுக்கச் சொல்லி மருத்துவர் எழுதித் தர வேண்டும். சாதாரண எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியச் சில ஆண்டுகள்கூட ஆகலாம் என்பதால், எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பது நோய் இல்லை என்பதற்கு உறுதியாகாது. ரத்தத்தில் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகியவை அழற்சியைக் காட்டும். ஆனால் கணிசமான நோயாளிகளுக்கு அவை இயல்பாகவே இருக்கும். எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணுப் பரிசோதனையைப் பற்றி ஊரில் பெரிய பயம் இருக்கிறது. இந்நோய்க்கும் அந்த மரபணுவுக்கும் உள்ள தொடர்பு 1973-இல் கண்டறியப்பட்டது. நோயுள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது இருக்கிறது. ஆனால் அந்த மரபணு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆயுள் முழுக்க இந்நோய் வராமலே வாழ்கிறார்கள். எனவே பாசிட்டிவ் என்று வந்தால் நோய் என்றோ, நெகட்டிவ் என்று வந்தால் தப்பித்தோம் என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது. வலியின் கதை, உடல் பரிசோதனை, ரத்தம், படம் ஆகிய நான்கையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கிறவர் வேண்டும். அவர் எலும்பு அறுவை மருத்துவர் அல்லர். ரூமட்டாலஜிஸ்ட் என்னும் மூட்டுவாத நோய் மருத்துவர்.

நேரில் வந்தால் நான் செய்யும் இரண்டு எளிய சோதனைகளை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். மகனைச் சுவரோரம் குதிகாலும் முதுகும் ஒட்டும்படி நிற்கச் சொல்லுங்கள். முகம் நேராக இருக்க, பின்மண்டை சுவரைத் தொட வேண்டும். பிறகு அடிமுதுகில் புட்டத்துக்குச் சற்று மேலே தெரியும் இடுப்புக்குழிகள் இரண்டையும் இணைக்கும் கோட்டில் ஒரு பேனாப் புள்ளியும், அதற்கு 10 செ.மீ. மேலே இன்னொன்றும் வைத்து, முட்டி மடங்காமல் முன்னால் குனியச் சொல்லித் தையல் டேப்பால் அளந்தால், அந்த இடைவெளி ஏறத்தாழ 15 செ.மீ. ஆக விரிய வேண்டும். விரியவில்லை என்றால் அதையே நோய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அளவைத் தேதியோடு குறித்து வைத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

எல்லா இளைஞர்களின் கடும் முதுகுவலியும் பாரத்தால் வருவது, அழற்சியால் வருவது என்ற இவ்விரண்டுக்குள் அடங்கிவிடாது. நம் நாட்டில் மறக்கவே கூடாதது முதுகெலும்புக் காசநோய். மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, பசியின்மை, எடை குறைதல், ஓரிடத்தில் தட்டினால் உயிர் போகும் வலி, வீட்டில் யாருக்கேனும் முன்பு காசநோய் இருந்த வரலாறு ஆகியவற்றில் ஒன்றிருந்தாலும் எம்.ஆர்.ஐ. தாமதமாகக் கூடாது, முடிந்தவரை ஊசிமூலம் சதைத்துணுக்கு எடுத்து உறுதி செய்தே மருந்து தொடங்க வேண்டும். சிகிச்சை பெரும்பாலும் ஓராண்டு அளவுக்கு நீளும். மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். சத்துணவுக்கென மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. மாடும் ஆடும் வைத்திருக்கும் நம் பகுதிக் குடும்பங்களில் புருசெல்லோசிஸ் என்ற தொற்றும் முதுகையும் எஸ்.ஐ. மூட்டையும் பிடிக்கக் கூடும். கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்தது, காய்ச்சாத பாலைக் குடித்தது ஆகியவற்றை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். வேகப்பந்து வீசும் பள்ளி, கல்லூரிப் பையன்களுக்கு அடிமுதுகெலும்பின் பின்வளையத்தில் மயிரிழை முறிவு உண்டாகி, பின்னால் வளையும்போது வலிக்கும். சில மாத ஓய்வில் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அவசரம் என்று நான் சொல்வது ஒரு நிலையைத்தான். சிறுநீர் வராமல் தேங்குவது அல்லது தெரியாமலே போய்விடுவது, மலம் கட்டுப்படாமல் போவது, சைக்கிள் சீட் படும் இடமெல்லாம் மரத்துப்போவது, இரு கால்களும் வலுவிழப்பது ஆகியவற்றில் எது தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றிரவே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே ஆபரேஷன் என்றால் மறுபேச்சு வேண்டாம். மணிக்கணக்கில் ஆகும் தாமதம்கூட நிரந்தர ஊனமாகிவிடும்.

மெடிக்கலில் வாங்கும் மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். பெயரில்லாத நான்கைந்து மாத்திரைகளைச் சிறு கவரில் ஒரு செட்டாகப் போட்டுத் தருகிறார்கள். அதில் ஸ்டீராய்டு மாத்திரை கலந்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வலி பறந்துவிடும். மாதக்கணக்கில் தின்றால் எலும்பு வலுவிழக்கும், சர்க்கரை ஏறும், தொடையெலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று இடுப்பு மூட்டே கெட்டுப்போகும். அழற்சி முதுகுவாதத்துக்கு நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை பரிந்துரைக்கப்பட்ட மருந்தே அல்ல. சுளுக்கு வழிப்பவர்களிடம் போவதை நான் முற்றாகப் பழிப்பவன் அல்லன். தசைப்பிடிப்புக்கு எண்ணெய் போட்டு நீவுவது இதமாகத்தான் இருக்கும். ஆனால் காரணம் தெரியாத முதுகில் முட்டியை ஊன்றிச் சொடக்கெடுப்பது, காசநோயால் அரித்த எலும்பையும் ஒட்டிப்போய் நொறுங்கும் தன்மையடைந்த எலும்பையும் முறித்துவிடக் கூடும்.

உறவினர் சொன்ன மூன்று மாதப் படுக்கை எந்த வகை முதுகுவலிக்கும் பொருந்தாது. சாதாரணப் பிடிப்புக்கே ஓரிரு நாளுக்கு மேல் படுக்கை கூடாது என்பதுதான் இன்றைய மருத்துவம். அழற்சி முதுகுவாதத்திலோ படுக்கை நோயைத் துணைக்கழைப்பது போன்றது.

மகனுக்கு அந்நோய்தான் என்று உறுதியானால் சிகிச்சை மூன்று படிகளாக இருக்கும். முதலாவது, நாப்ராக்சன், இண்டோமெதாசின், எட்டோரிகாக்ஸிப் போன்ற அழற்சி தணிக்கும் மாத்திரைகளில் ஒன்றை, வலித்தபோது ஒன்று என்றில்லாமல், மருத்துவர் குறிக்கும் முழு அளவில் சில வாரங்கள் தொடர்ந்து எடுப்பது. அது கேட்காவிட்டால் அவற்றில் இன்னொரு மாத்திரையை முயல்வது. வயிற்றுப்புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரக்கூடும் என்பதால் இடையிடையே ரத்தப் பரிசோதனை உண்டு. இரண்டாவது, பயிற்சி. இது மருந்துக்குத் துணை அல்ல, மருந்தேதான். தினமும் முதுகை நிமிர்த்தும் பயிற்சி, நெஞ்சை விரித்து மூச்சிழுப்பது, கால் மணி நேரம் குப்புறப் படுப்பது, மெல்லிய தலையணை, தொய்யாத படுக்கை ஆகியவற்றை நான் சொல்லித் தருவேன். நீச்சல் தெரிந்தவருக்கு அதைவிட மேலானது இல்லை. நம் தோட்டத்துக் கிணறுகளில் சுரைக்குடுவை கட்டி நீந்தப் பழகிய தலைமுறைக்குப் பணச்செலவில்லாமல் கிடைத்தது, இப்போது மாதக் கட்டணம் கட்டி நீச்சல் குளத்தில் தேட வேண்டியதாகிவிட்டது. பீடி, சிகரெட் இருந்தால் விட்டே ஆக வேண்டும். புகை இந்த எலும்பு ஒட்டுதலை விரைவாக்குகிறது.

இவ்விரண்டாலும் அடங்காதவர்களுக்கே மூன்றாம் படி: அடாலிமுமாப், எட்டனர்செப்ட், செகுகினுமாப் போன்ற உயிரியல் ஊசி மருந்துகள், அல்லது டோஃபாசிட்டினிப் போன்ற மாத்திரைகள். இவற்றைத் தொடங்குமுன் உடலில் உறங்கும் காசநோய் இருக்கிறதா என்பதற்கான பரிசோதனையும் மஞ்சள்காமாலைக் கிருமிப் பரிசோதனையும் கட்டாயம். யாராவது அவை வேண்டியதில்லை என்றால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். செலவு கூடத்தான். ஆனால் 2014-இல் இந்திய நிறுவனத்தின் அடாலிமுமாப் விற்பனைக்கு வந்ததிலிருந்து இவ்வகை ஊசிகளின் விலை முன்பைவிடக் குறைந்திருக்கிறது.

எங்கே போவது என்ற கேள்விக்கு வருகிறேன். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கான பிடித்தம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் தொழிலாளியிடம் 0.75 சதவீதம் பிடிக்கப்படும். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்கள் பலர் தமக்கு அட்டை இருப்பதையே அறியாமல் கையிலிருந்து செலவழிக்கிறார்கள். அட்டை இருந்தால் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டி, கோவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைச் சீட்டு வாங்கலாம். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் சந்தா கட்டியிருந்தால், மருத்துவர் சான்றிதழின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அட்டை இல்லையென்றால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில் தொடங்கலாம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டு அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தனியாரிடம் போவதானால் கோவையிலேயே மூட்டுவாத நோய் மருத்துவர்கள் இருக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி.யிலும் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இதற்கென்றே துறை உண்டு; வேலூருக்குத் திருப்பூரில் ரயிலேறினால் காட்பாடியில் இறங்கிவிடலாம். போகும்போது எம்.ஆர்.ஐ. அறிக்கைத் தாளை மட்டுமல்லாமல் படத்தையும், இதுவரை தின்ற மாத்திரைகளின் அட்டைகளையும், கண்ணுக்கு எழுதித் தந்த சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

வேலையை விடச் சொல்ல வேண்டாம். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நின்று கையை உயர்த்தி நிமிரவும், சாய்மானமுள்ள நாற்காலியில் அமரவும், ஓவர்டைமைச் சில மாதம் குறைக்கவும் மேற்பார்வையாளரிடம் பேசிப் பார்க்கலாம். பெண் பார்ப்பதையும் நிறுத்த வேண்டியதில்லை. நோய் இருந்தாலும் ஒழுங்காகச் சிகிச்சை எடுப்பவர் வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்துவதற்குத் தடையில்லை. மறைத்துச் செய்வது வேண்டாம் என்பது மட்டும் என் கருத்து. மரபணு பிள்ளைக்குப் போக வாய்ப்புப் பாதிக்குப் பாதி. ஆனால் முன்பே சொன்னபடி, மரபணு வந்தவருக்கெல்லாம் நோய் வருவதில்லை. இது ஆண்களின் நோய் என்ற எண்ணமும் பழையது. விடியற்காலை இறுக்கத்தோடு வருகிற பெண்களிடம், "சிசேரியனுக்கு முதுகுல போட்ட ஊசிதான் காரணம்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்; அவர்களுக்கும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும்.

கடைசியாக அந்தக் கண். மெட்ராஸ் ஐ என்றால் பெரும்பாலும் உறுத்தலும் பீளையும் இருக்கும், இரு கண்ணுக்கும் பரவும், வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றும். ஒரு கண் மட்டும் சிவந்து, ஆழமாக வலித்து, வெளிச்சம் பட்டால் கூசி, பார்வை மங்கினால் அது கண்ணுக்குள் வரும் அழற்சியாக இருக்கலாம். சொட்டு மருந்து தாமதமானால் பார்வையே பாதிக்கப்படும். அடுத்த முறை சிவந்தால் மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்காமல் அன்றைக்கே கண் மருத்துவமனைக்குக் கூட்டிச் சென்று, பத்து மாதமாக விடியற்காலையில் முதுகு வலிக்கிறது என்பதையும் அந்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.